1861இல் வில்லியம் எங்கே படுத்தான்?

பிப்ரவரி 3
துபாயில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு முன்னோர்களைத் தேடிக் கொடுப்பது என் வேலை. என் வாப்பாவின் வாப்பாவுக்கு மேல் எனக்கு ஒரு பெயரும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. இப்போது மில்ன் என்பவரின் குடும்பம். ஸ்காட்லாந்தில் ஒரு குக்கிராமம். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்பா, அம்மா, பிள்ளைகள். மூத்தவன் வில்லியம், ஒன்பது வயது. 1871இல் அவனே பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு ஊரில். நடுவில், 1861இல்? அப்பா வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், இவனைத் தவிர. மில்ன் இவன் வழி வந்தவர். மாதக் கடைசியில் என் ப்ரொபேஷன் முடிகிறது. இவன் கிடைக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை.

பிப்ரவரி 6
இல்லை.

பிப்ரவரி 10
பட்டாளத்தில் தேடினேன். சிறையில், கனடா போன கப்பலில். மறுபடி அப்பா வீட்டுப் பக்கத்தையே திறக்கிறேன் – வீட்டுப் பிள்ளை வீட்டுக் கணக்கில்தானே இருக்க வேண்டும்? மேனேஜர் பாலமுரளி எல்லோர் முன்னாலும், "என்ன சாகிர், செத்துப்போனவன் எங்கப்பா ஓடப்போறான்?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 13
கீழக்கரையிலிருந்து உம்மா போன். ரேஷன் கடையில் எல்லோரும் விரல் வைக்க வேண்டுமாம். "நீ வைக்காட்டி பேர எடுத்துருவாங்களாம் வாப்பா." அந்த வீட்டில் சோறு தின்று வருடக்கணக்காகிறது, இன்னும் என்ன பேரு என்று கத்தினேன். பாவம், உம்மா என்ன செய்யும்.

மேல் கட்டிலிலிருந்து சுஐபு, எங்கள் ரூமில் அடைந்து கிடக்கும் எட்டுப் பேரில் ஒருவன்: "பேரு கீழக்கரையில, ஒடம்பு இந்த ரோலா ரூமுல. இங்க செக்கிங் வந்தா இந்த ரூம்ல ரெண்டே பேருதான்னு வாடகை காண்ட்ராக்ட் சொல்லும். அப்ப நீ யாருடா, ஜின்னு பிசாசா?"

ரூமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கணக்கெடுப்பை ரேஷன் கார்டைப் பார்ப்பதுபோல அல்லவா இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன்! கணக்கெடுக்க வந்தவன் யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. அன்று இரவு யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்டிருக்கிறான்.

பிப்ரவரி 14
கிடைத்துவிட்டான். சில மைல் தள்ளி ஒரு பெரிய பண்ணை. முதலாளியின் வீட்டுக் கணக்கில் அல்ல, அதற்குக் கீழே தனியாக எழுதிய கொட்டகையில். கல்யாணமாகாத உழவு வேலைக்காரர்கள் மட்டும். வில்லியம் மில்ன், 19. சன்னல் உள்ள அறைகளையும் அந்த வருடம் எண்ணியிருக்கிறார்கள். கொட்டகைக்கு ஒன்று.

எங்கள் ரூமை ப்ளைவுட் வைத்துத் தடுத்ததில் சன்னல் அந்தப் பக்கம் போய்விட்டது.

பிப்ரவரி 18
"நல்ல வேலைதான். ஆனா ரிப்போர்ட்ல போடாத," என்கிறார் பாலமுரளி. "சொந்த நிலத்துல உழுத பரம்பரைன்னு அவர் பெருமையா இருக்கார். அப்பா பொறந்தநாளுக்குக் குடுக்கப்போறார். கூலிக்காரன், கொட்டகை... எதுக்குப்பா? விவரம் கிடைக்கலைன்னு முடி."

இவர் குடியிருக்கும் கட்டட வாசலில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகை இருக்கிறது. தனியாக இருக்கும் நாங்கள் வாசலிலும் கூடாது, பழைய காகிதத்திலும் கூடாது. அவர் சொன்னபடியே முடித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 24
மில்ன் எனக்கே மெயில் போட்டிருக்கிறார்: 1861 ஏன் காலி?

அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். கொட்டகை, சன்னல், எல்லாம்.

பிப்ரவரி 25
மில்ன் பதில் போடவில்லை. மெயில் போன விஷயம் தெரிந்த பாலமுரளி என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 1
ப்ரொபேஷன் நேற்றோடு முடிந்தது, வேலையும். நானே உம்மாவைக் கூப்பிட்டேன்.

"பேர எடுக்க விடாதீங்க உம்மா. விரல் வைக்க நானே வர்றேன்."

"லீவு குடுத்துட்டாங்களா வாப்பா?" குரலில் என்ன சந்தோஷம்.

"குடுத்துட்டாங்க உம்மா."