கப்பலில் வந்த சாவி

ஆடி வெள்ளி, இரவு.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பீகார்ப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி வராது. இன்று அவள் கைக்குழந்தையை அறையில் விட்டுவிட்டு, காய்ந்த துணி எடுக்க வெளியே வந்தாள். காற்றில் கதவு மூடித் தானாகப் பூட்டிக்கொண்டது. "சாபி, சாபி" என்று அழுதுகொண்டே இறங்கி ஓடி வந்தாள். அலமாரியில் முருகன் பக்கத்தில் மாட்டியிருந்த மாற்றுச் சாவியோடு பாதிப் படி ஏறிய பிறகுதான், அவள் சொன்னது எனக்குப் புரிந்திருக்கிறதே என்று உறைத்தது.

கதவைத் திறந்தால் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மகளிடம் சொன்னதும் போனில் தேடிப் பார்த்தாள். "நம்ம சாவி, அவங்க சாபி, ரெண்டு வார்த்தையும் போர்ச்சுகல்காரன் கப்பல்ல வந்ததும்மா. அலமாரிங்கிற வார்த்தையும் அப்படித்தான்."

"யாரு கொண்டாந்தா இன்னாடி, கதவு தொறந்துச்சில்ல" என்றேன்.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. எத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறது இந்தச் சொல். பக்கத்திலேயே இருந்த முருகனாவது, இது தமிழ் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.