கந்தசஷ்டியில் ட்ரவுட் பிடிக்கப் போனது

மச்சாள்,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் பழைய பேப்பரில் சுற்றி ஒரு ட்ரவுட் மீன் கொண்டுவந்து தந்தார். இந்த நாட்டில் அதைக் கடையில் வாங்க முடியாது. பிடித்தவர் மனம்வைத்துத் தந்தால்தான் உண்டு. பேப்பரைப் பிரித்ததும் ஏரித் தண்ணீரின் வாசம் முகத்தில் அடித்தது. கத்தியை வைத்துவிட்டு உங்களோடு கதைக்க உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். இங்கே மனுரேவாவில் நாமெல்லாம் ஒரே வீட்டில் இருந்தோம். உங்கள் மகள் வாணி கொழும்பிலிருந்து அந்தக் குளிர்காலத்தில்தான் வந்து சேர்ந்திருந்தாள். பத்து வயதில் நீங்கள் உங்கள் தங்கையிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளை, உங்களைவிட உயரமாக வந்து இறங்கினாள். விசா வந்தது, பிள்ளையும் வந்தாள், ஆனால் ‘அம்மா’ என்ற சொல் மட்டும் வரவில்லை. உங்களிடம் ஏதும் வேண்டுமென்றால் என்னிடம் வந்து, “மாமி, அவவிட்டைக் கேளுங்கோ” என்பாள். நீங்கள் அடுப்படியில் நின்று கேட்டும் கேட்காதமாதிரி வெங்காயம் வெட்டுவீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் யாரோ இடுப்பளவு தண்ணீரில் நின்று ட்ரவுட் பிடித்தார்கள். வாணி பார்த்துக்கொண்டே, “இப்பிடி ஒரு இடத்துக்கு நாங்களும் போகேலாதோ?” என்று பொதுவாகக் கேட்டாள். அவ்வளவுதான்! வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டறியாத நீங்கள், மறுநாள் ஃபாக்டரியில் மீன்பிடிக்கிற ஆட்களையெல்லாம் விசாரித்து, உரேவேரா தேசியப் பூங்கா, வைக்கரேமோவானா ஏரி, கபின், லைசென்ஸ் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல உங்கள் நாக்கு பட்ட பாட்டுக்கு வாணிகூடச் சிரித்துவிட்டாள்.

பிறகு வீடு கலியாண வீடுதான். சாப்பாட்டு மேசை முழுக்க ரோட் மேப். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, எந்தப் பாதையால் போவது என்று தன்னோடு தானே வாதாடுவார். நீங்கள் தூள் வறுத்து, புளி உருட்டி, மீன் பொரிக்கிற பெரிய தாச்சியைக் கார் டிக்கியில் ஏற்றிவிட்டீர்கள், பயணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்க! “மீன் இன்னும் ஏரிக்குள்ள நீந்துது, மச்சாள்,” என்றேன். “நீர் பேசாமல் இரும். அது எங்கட தாச்சியைப் பார்த்துத்தான் வரும்,” என்றீர்கள்.

ஒக்டோபரில் வரும் மூன்று நாள் லேபர் வீக்கெண்டில்தான் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் லீவு. அதனால் வேலைக் கலண்டரைப் பார்த்தே நாள் குறித்தோம். சாமியறைக் கலண்டரை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போய்த் தாளைப் புரட்டினேன். கந்தசஷ்டி! பயண நாட்கள் மூன்றும் விரதத்துக்குள் கிடந்தன. பிள்ளை வந்து சேரவேண்டுமென்று வருடா வருடம் பாலும் பழமுமாய் நீங்கள் பிடித்த விரதம். பிள்ளை வந்த வருடத்தில் அதை விடுவீர்களா? விரதக்காரர் இருக்கும் இடத்தில் மீன் மச்சம்தான் சமைக்கலாமா?

“தள்ளிப்போடுவம்,” என்றேன். வாசலில் நின்ற வாணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நீங்கள் அந்தக் கதவையே பார்த்தீர்கள்.

“ஒண்டும் தள்ளிப்போட வேண்டாம். நான் விரதத்தோட வாறன். அங்கையும் மலைதானே, முருகன் என்னைக் கண்டுபிடிப்பார். ஆனால் பிடிக்கிற மீனைத் திருப்பி விடவேணும்,” என்றீர்கள்.

“இவ்வளவு தூரம் காரோடிப் போறது, பிடிச்சுப்போட்டு விடுறதுக்கோ?” உங்கள் தம்பி தலையில் கைவைத்தார். தாச்சி டிக்கியிலிருந்து இறங்கியது. பருப்பும் பூசணிக்காயும் ஏறின.

கல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஏரிக்கரையில் நீங்கள் சேலைக்கு மேல் தம்பியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மீன் அள்ளும் கைவலை பக்கத்தில் கிடக்க, கண்ணை மூடி முணுமுணுத்தபடி ஒரு கல்லில் இருந்தீர்கள். வெறும் பாலிலும் பழத்திலும் நாலு நாள். முகம் வாடித்தான் இருந்தது. உங்கள் தம்பியின் தூண்டிலில் பாசிதான் மாட்டியது. முழங்காலளவு தண்ணீரில் நின்ற வாணியின் தூண்டில் திடீரென வில்லாய் வளைந்தது. பக்கத்தில் நானும் நின்றேன், அவளுடைய மாமாவும் நின்றார். அவள் எங்களைப் பார்க்கவேயில்லை.

“அம்மா! வலை! வலையைக் கொண்டு ஓடியாங்கோ, அம்மா!”

கல்லிலிருந்து நீங்கள் எழும்பியதை நான் காணவில்லை. கண்டபோது, சேலையும் சப்பாத்துமாய் அந்த ஐஸ் தண்ணீருக்குள் வலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தீர்கள். ஒருதரம் விழுந்தீர்கள். எழும்பி ஓடினீர்கள். மீன் வலைக்குள் வந்ததும் தாயும் மகளும் போட்ட கூச்சலில் கரையில் நின்ற வாத்தெல்லாம் பறந்தன.

“விடவோ, அம்மா?”

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். இரண்டு பேரும் குனிந்து அதைத் தண்ணீரில் விட்டீர்கள்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் வாணி உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கூப்பிட்டும் நீங்கள் எழும்பாதபோதுதான், நீங்கள் இல்லை என்பதை நான் நம்பினேன். ஆனால் உங்கள் ஓட்டம் எனக்குள் நிற்கவில்லை. எனக்கென்று ஒரு பிள்ளை இல்லை. இருந்தும் கடையிலோ ரயிலிலோ யாரோ ஒரு பிள்ளை “அம்மா!” என்று கத்தினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நானும் எழும்பிவிடுகிறேன், மச்சாள்.