வாடகைக்குள் இருந்த வரி

அக்கா, இன்று காலை, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் நான் வாங்கியிருக்கும் வீட்டுக்குச் சொத்துவரிப் பில் வந்தது. அதில் பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு தொகை. அதைப் பார்த்ததும் சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மோர்னிங்சைட் பகுதியில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருவரும் வாடகைக்கு இருந்தோம். நீங்கள் ஆறாம் மாடி, நான் ஏழாம் மாடி. உங்கள் மகள் ஊரிலிருந்து வந்து நாலு மாதம், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த தனி வகுப்பில் மட்டும் கொஞ்சம் கதைப்பாள். அந்த வகுப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று கடிதம் வந்ததும், பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஓரளவு வரும்.

அங்கே ஒரு வீட்டுக்காரர் எழும்பி, பள்ளிக்கூட வரி கட்டுவது தாங்கள்தான், அப்பார்ட்மென்ட்காரர் ஒரு சதமும் கட்டுவதில்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது உண்மை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். உங்களுக்கு விளங்கப்படுத்தியதுதான் தாமதம், விறுக்கென்று எழும்பிவிட்டீர்கள்.

"பிள்ளை, சொல்லும் உவருக்கு! வரி கூடிப்போச்செண்டுதானே எங்கட வாடகையைக் கூட்டினவங்கள்? அப்ப நாங்களும்தானே கட்டுறம்? பிச்சை கேட்டு வரேல்லை எண்டு சொல்லும்."

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. என் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, இவர்களோடு ஏன் வாய் கொடுப்பான் என்று எனக்கு ஒரே பயம். "இவ்வளவு நாளும் படிப்பித்ததற்கு நன்றி என்கிறா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தீர்கள்.

"பாத்தீரே, ஞாயத்தைச் சொன்னா உவையளும் கேப்பினம்."

அடுத்த தவணை வகுப்பு இல்லை. லிஃப்டில், லோண்டரியில், கண்ட இடமெல்லாம் கேட்டீர்கள்: "கைதட்டினவை, பிறகேன் வெட்டினவை?"

"ஆருக்குத் தெரியும் அக்கா" என்றேன்.

பிறகு பள்ளிக்கூட வரியை மாகாண அரசே தன் கையில் எடுத்தது. அதற்குள் உங்களுக்கு வருத்தம் முற்றி, படுக்கையில் விழுந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, பக்கத்துக் கட்டில் அன்ரிக்கு என்னைக் காட்டி, "எனக்காகக் கதைச்ச பிள்ளை இவதான்" என்றீர்கள். பாவி நான், அப்போதும் ஓமென்று தலையாட்டினேன்.

இப்போது என் ஆங்கிலம் தடக்குவதில்லை அக்கா. கார் ஓடும்போது தனியே இருந்தால், அன்று நீங்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறேன். பிச்சை கேட்டு வரவில்லை என்ற இடத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் சொல்கிறேன்.