புதுப் பெயிண்ட் அடித்த படகு

ஏங்க, சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். படகு விற்கிற உங்கள் சிநேகிதர் பதினொரு மணிக்கு வருவார். நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் தூங்கும்போதே படகுத்துறைக்குப் போய்வந்தேன். நீங்கள் வாங்கப்போகிற, இரண்டு படகுகளை இணைத்த அந்த இரட்டைப் படகில் ஒரு பெயிண்டர் வேலை செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டு படகும் சேர்ற இடத்துல மட்டும் ஏன் புதுப் பெயிண்ட்?"

"விரிசல்மா. மூணாவது தடவையா மறைக்கிறேன்."

"முன்னாடி வச்சிருந்தவர் எங்க?"

"கடலுக்குப் போனார். படகை மட்டும்தான் இழுத்துட்டு வந்தாங்க."

படகைச் சோதித்தால் சிநேகிதர் மனம் நோகும் என்று நேற்று என்னிடம் கத்தினீர்கள். நோகட்டும். படகைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற ஆளைக் கூட்டிவரப் போகிறேன்.

பி.கு.: கையெழுத்துப் போட்டே தீருவீர்கள் என்றால் எனக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிவிடுங்கள். கரையில் தனியாக நிற்க என்னால் ஆகாது.