சுருங்கிய சுவர்

2004 ஒக்டோபர் 12, செவ்வாய்

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் சரியாமல் தடுக்கும் சுவருக்கு நான்தான் கம்பியூட்டரில் படம் வரைந்தேன். ஹட்டன் ஒபிசில் பெரிய தாள் இல்லை. 'ஃபிட் டு பேப்பர்' கொடுத்துச் சின்னத் தாளில் எடுத்தேன். படம் சுருங்கிவிட்டது. ஓரத்தில் 1:50 என்ற அளவுத்திட்ட எழுத்து மட்டும் மாறவில்லை. இன்றைக்குத்தான் கவனித்தேன்.

உடனே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். சுவரைக் கட்டி, பின்னால் மண்ணும் நிரப்பிவிட்டார்கள். அத்திவாரம் எத்தனை அடி என்று மேசனிடம் கேட்டேன்.

"மூணரை. நீங்கதான் அளவே எழுதலயே தம்பி. படத்துல ஸ்கேல வச்சி அளந்து வெட்டுனேன். ஏன், கூடிப்போச்சா?"

ஐந்தடி இருக்க வேண்டும். மூன்றரையில் சுவர் மண்ணின் பாரத்தைத் தாங்காது. எழுதாத அளவை எல்லா மேசன்மாரும் அப்படித்தான் எடுப்பார்கள். அவரைத் திட்ட முடியாது.

லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் பார்வதி அக்கா, பிள்ளைகளின் பாயை மறுபடியும் சுவர்ப்பக்கம் விரித்திருந்தார்.

"இனி மழ பேஞ்சாலும் நிம்மதியா தூங்குவோம் தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். கிளாசைக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

இப்போது இரவு. மழை தகரத்தை உடைக்கிற மாதிரி கொட்டுகிறது. நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து லயம் கிட்டத்தான். அவர்களை எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன சொல்லி எழுப்புவது? நடந்துகொண்டே யோசிக்கலாம். டோர்ச் எங்கே