ஒட்டாத குமிழிகள்

ஜனவரி 6
இன்றும் அதே கதைதான். கண்ணாடித் தொட்டியின் அடியில் விசிறி சுழல்கிறது, தண்ணீர் சுழி சுழியாகத் திரும்புகிறது, ஊசி முனையிலிருந்து காற்றுக் குமிழிகள் புறப்படுகின்றன. லேசானவை என்பதால் சுழியின் நடுவுக்கு இழுபட்டுக் கூடுகின்றன. அதுவரை சரி. கூடியவை ஒட்டிப் பெரிதாகி மேலேற வேண்டுமே? என் குமிழிகள் முட்டுகின்றன, விலகுகின்றன, கடுகளவிலேயே சுற்றுகின்றன. ஆடியில் மூன்று வாரம் மட்டும் ஒழுங்காக ஒட்டின. அப்புறம் ஒரு தடவைகூட இல்லை.

"மறுபடி வராத முடிவு முடிவே இல்ல வனிதா" என்கிறார் என் வழிகாட்டி பூவனலிங்கம் சார். மார்ச் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ஐந்து வருட உழைப்பு.

ஜனவரி 9
தப்பு என்னிடம்தான் இருக்கும்.

ஜனவரி 19
பொங்கல் விடுமுறைக்குத் தொட்டியை வடித்துவிட்டுப் போயிருந்தோம். இன்று கண்ணாடியெல்லாம் வெள்ளைப் படிவு. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. இடைசெவலில் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் படியும் அதே உப்பு. சுத்திகரித்த தண்ணீரில் இது எங்கிருந்து வந்தது?

ஜனவரி 20
வாரந்தோறும் தொட்டியை நிரப்புவது சுடலையம்மாள் அக்கா. ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. கேட்டதும் மறைக்கவில்லை.

"எங்க தெருவுல பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா குடிதண்ணி வருது. நீ முந்நூறு லிட்டரக் கலக்கிட்டுச் சாக்கடையில விடுத. எனக்கு மனசு வரல தாயி. போர் தண்ணிதான் ஊத்துனேன். சும்மா சுத்துத தண்ணிக்கு ருசி எதுக்குன்னு நெனச்சேன்."

கோபம் வந்தது — அழுகையும் வந்தது. எல்லா வரைபடத்திலும் 'தூய நீர்' என்று எழுதியிருக்கிறேனே. உப்பிருந்தால் குமிழிகள் லேசில் ஒட்டாது என்று படித்தவள்தானே நான்? ஒரு நாளாவது தண்ணியச் சோதிச்சேனா? சாரிடம் சொன்னால் அக்காவின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அத்தனையும் பொய்.

ஜனவரி 21
சொல்லிவிட்டேன். "யாரு ஊத்துனது?" என்றார் சார்.

"தண்ணியச் சோதிக்குதது என் வேலை சார். நான் செய்யல."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப எல்லாம் உப்புத் தண்ணிதான். ஒப்பிட்டுப் பாக்க நல்ல தண்ணியில எடுத்த கணக்குக்கு எங்கம்மா போவ? ரெண்டு மாசந்தான் இருக்கு."

ஜனவரி 23
அக்கா தானாக வந்தார். "ஆடியில போர் மோட்டார் எரிஞ்சு கெடந்துச்சுல்லா? அந்த மூணு வாரம் மட்டும் வேற வழியில்லாம நல்ல தண்ணி ஊத்துனேன். அது உனக்கு ஒதவுமா?"

அந்த மூன்று வாரம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்; பிறகு ஓடிப்போய் ஆடி மாதப் பதிவேட்டை எடுத்தேன்.

மார்ச் 3
பழைய பதிவுகளைப் பிரித்துக் கணக்குப் போட்டு முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி சரிபார்க்க ஒரு தொட்டி நல்ல தண்ணீர் வேண்டும். அக்காவிடம் கேட்கவே கூச்சமாக இருந்தது. அவரே வந்து நிரப்பினார். குமிழிகள் ஒட்டின.

மார்ச் 5
போர் தண்ணீர் கொஞ்சம் கலந்தோம். உடனே குமிழிகள் ஒட்டாமல் சிறுத்துப் போயின. சார் இரண்டு முறை பார்த்தார், பிறகு சிரித்தார்.

மார்ச் 12
நல்ல தண்ணீரில் கடைசிச் சோதனை. முடிந்தது.

மார்ச் 27
ஆய்வேட்டில் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். தலைப்பில் இப்போது உப்பும் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் அக்காவின் பெயரைப் பார்த்து, "யாரும்மா இது?" என்றார். "தண்ணி விவரம் தெரிஞ்சவிய சார்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

சாயங்காலம், கடைசிச் சோதனையின் நல்ல தண்ணீரோடு மூடி வைத்திருந்த தொட்டியை வடிக்கப் போனேன். குழாயில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, குடம் இருக்கா?"

கதவுக்குப் பின்னால் பத்தொன்பது குடங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வாசலில் தள்ளுவண்டியும் நின்றது.