நைஜல் கதவைத் திறந்தான்

லீட்ஸ், இங்கிலாந்து,
பிப்ரவரி 9

அன்புள்ள வெர்னலுக்கு, இசில்டா எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே ஜமைக்காவில் வெயில் எப்படி? நான் நலம்.

நான் உதவிக்குப் போகும் நைஜலுக்குப் பிறவியிலேயே கை நடுக்கம். நாற்பத்தெட்டு வயதில் தனி வீட்டில் அவனே சமைத்துச் சாப்பிடுகிறான். அவன் கேட்டால் மட்டுமே உதவியாளர்கள் நாங்கள் கை கொடுக்கலாம். போன திங்கட்கிழமை ரொட்டிக்கு வெண்ணெய் தடவ வெகுநேரம் திணறினான். பொறுக்காமல் கத்தியை அவன் கையிலிருந்து வாங்கி நானே தடவிவிட்டேன். அவன் அதைத் தொடவில்லை. மறுநாள் கதவையும் திறக்கவில்லை. சாவி இருந்தாலும், அவன் அழைக்காமல் நான் நுழையக் கூடாது.

"இசில்டா, இது யார் வீடு?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"உன் வீடுதான்பா."

"அப்போ போயிட்டு வா."

மூன்று நாள் மழையில் நின்று திரும்பினேன். நான்காம் நாளும் திறக்காவிட்டால் என் அலுவலகத்தில் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். அன்று வாசலில் நின்றபோது உங்கள் அம்மா ஞாபகம் வந்தது. நம் கல்யாணத்துக்கு மறுநாள், "தள்ளு, நீ பொரிச்சு முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும்" என்று என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாரே, நாற்பத்தொரு வருடமாகியும் அது ஆறவில்லை. அந்தக் கதையைக் கதவைப் பார்த்து உரக்கச் சொன்னேன். திறந்தான்.

"நீ திருப்பிப் புடுங்கலியா?"

"பயம்."

சிரித்துவிட்டு டீ போட்டான். அரைமணி நேரம் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி சிந்தியது. மீதியைக் குடிக்கும்போது, உங்கள் அம்மாவின் புகை படிந்த அடுப்படி அப்படியே கண்முன் வந்தது.

ஐந்தாறு சாதிக்காய் அனுப்புங்கள், இங்குள்ளதில் வாசனையே இல்லை. உங்கள் அம்மாவை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அவர் கல்லறையில் புல் மண்டியிருந்தால் வெட்டிவிடுங்கள். நைஜல் வீட்டுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

இசில்டா